பிக்கப் அண்ணனின் தேத்தண்ணி மீட்டர்

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வேகமானது எது என்று கேட்டால், பிக்கப் அண்ணனின் வாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மெதுவானது எது என்று கேட்டால் அவருடைய கார். அந்த வாய் அந்தக் காருக்குள் உட்கார்ந்து தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போர்ட் கிள்ளானுக்குப் போய்வந்தது. தலையெழுத்து, நானும் கூடவே போய்வந்தேன்.

போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் அவர், கணக்குப் பிரிவு சரோ அக்கா, அவர்கள் தம்பி என்று கூப்பிடும் நான் மூவரும் வேலை பார்த்த காலம் அது. அக்காவும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அடுக்குமாடியில் வெவ்வேறு வீடுகளில் குடியிருந்தோம். அண்ணனின் சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் பிக்கப்தான். லிஃப்ட் மெதுவாக ஏறினால், "இதுக்குப் பிக்கப்பே இல்ல லா" என்பார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால், பரிமாறுகிறவருக்குப் பிக்கப் இல்லை. கல்யாணமே ஆகாத மனிதர். வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவி மட்டும்தான் என்பதால், சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் காலையில் காரில் எங்கள் தலையில் கொட்டுவார்.

வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி, "பாஸ், தே ஒண்ணு பூங்குஸ்" என்று குரல் கொடுப்பார். கூட்டத்தில் எங்கள் முறை வந்ததும், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டிய தேத்தண்ணி வரும். குடிப்பதற்கா? அதுதான் இல்லை, அளப்பதற்கு! முன்சீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் அதைத் தொங்கவிடுவார். கார் கிளம்பும்போது பை எவ்வளவு பின்னால் சாய்கிறதோ அவ்வளவு பிக்கப் என்பது அவர் கணக்கு. அவர் காரில் அந்தப் பை தியானத்தில் இருப்பதுபோல நேராகத் தொங்கும். ஹைவேயில் ஏறும் மேட்டில் பின்னால் லோரிக்காரன் ஹாரனிலேயே எங்கள் குலம் கோத்திரமெல்லாம் விசாரிப்பான்.

தாமதமாகப் போய்ப் போய், ஒரு நாள் மேனேஜர் எங்களை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வெளியே வந்ததும் சரோ அக்கா போட்டு உடைத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசத்துலேருந்து நானும் தம்பியும் ட்ரெய்ன்ல போறோம்."

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ட்ரெய்ன்லயா? அப்ப நான் யாருகிட்ட பேசிக்கிட்டுப் போறது?"

"லேட்டாவுது லா அண்ணே."

"மாசம் முடியுறதுக்குள்ள பாரு சரோ. காருக்குப் பிக்கப் ஏத்திக் காட்டுறேன். அப்புறம் சொல்லு."

அடுத்த வாரமே ஏற்றிவிட்டார். ஆக்சிலேட்டருக்கும் காரின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டுகிற தீப்பெட்டி அளவுப் பெட்டி அது. திருகினால் எக்கோ, சிட்டி, ஸ்போர்ட், ரேஸ் என்று வரும். "இனிமே இது கார் இல்ல தம்பி, ஜெட்டு" என்று ரேஸில் வைத்தவர், காரை விற்கும்வரை அதைத் திருப்ப மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்தார்.

புதிய சாமான் வந்தால் பூஜை போடாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் தட்டோடு ஓரமாக நின்று, "மெதுவா ஏத்துங்கோ" என்றார். அண்ணன் மெதுவாகத்தான் காலை வைத்தார். பெட்டிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. கார் துள்ளிப் பாய்ந்து பூக்கடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பழம் ஒன்று நசுங்காமல் தெறித்து ஐயரின் தட்டில் பட்டு, திருநீறு மொத்தமும் அவர் மேலேயே கொட்டியது. வெள்ளைவெளேரென்று நின்ற ஐயரைப் பார்த்து அண்ணன் ஜன்னல் வழியே கத்தினார்:

"பாத்தீங்களா சாமி, என்னா பிக்கப்பு!"

அதிலிருந்து எங்களுக்குச் சனி பிடித்தது. காலை லேசாக வைத்தாலே கார் எகிறும், எடுத்தால் தலை முன்னால் போய் முட்டும். ரோடு ஜேமில் தவளைபோலத் தாவித் தாவிப் போனோம். தேத்தண்ணிப் பை பின்னால் பறந்து என் காதில் அறையும். ஒரு நாள் அது வெடித்து, சரோ அக்காவின் புதுப் புடவையில் பாதி தே நிறத்துக்கு மாறியது. இத்தனைக்குப் பிறகும் அலுவலகத்துக்குத் தாமதம்தான்.

"பை பறக்குது, நேரம் அப்படியே இருக்கே அண்ணே" என்றார் அக்கா. "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குப் போனோம். அக்கா பெட்டியைக் கழற்றச் சொல்லி, பின்சீட்டில் உட்கார்ந்தார். "கால முழுசா அமுக்குங்க." கார் முனகிக்கொண்டு ஓடியது. பை சாய்ந்து நின்ற இடத்துக்கு நேராக, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். "இப்ப பெட்டிய ரேஸ்லயே மாட்டுங்க. அதே மாதிரி முழுசா அமுக்குங்க."

பை சாய்ந்தது. பொட்டைத் தொட்டு நின்றது. அதைத் தாண்டி நூலளவும் போகவில்லை. அண்ணன் விடாமல் ஓட்டிப் பார்த்தார். பை பொட்டுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"தண்ணிப் பைப்ப டக்குனு தொறந்தாலும் மெல்ல தொறந்தாலும், முழுசா தொறந்தப்புறம் வர்ற தண்ணி ஒண்ணுதானே அண்ணே" என்றார் அக்கா. "நீங்க கொஞ்சம் அமுக்குனா, நெறைய அமுக்குனதா இந்தப் பெட்டி இஞ்சின்கிட்ட பொய் சொல்லுது. இஞ்சின் அதே இஞ்சின்தான்."

அண்ணன் பெட்டியைக் கழற்றி டாஷ்போர்டில் போட்டார். மாலையில் வீடுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் இறங்கும்போது மட்டும், "ட்ரெய்ன்ல ஏர்கோன் நல்லா இருக்குமாம் சரோ" என்றார்.

அடுத்த மாதத்தின் முதல் நாள் காலையில் நானும் அக்காவும் ஸ்டேஷனுக்குப் போகக் கீழே இறங்கினோம். வழக்கமான இடத்தில் கார் நின்றது. பெட்டி இல்லை. ஆனால் கைப்பிடியில் தேத்தண்ணிப் பை முன்கூட்டியே தொங்கியது! நாங்கள் வருவதற்குள் எழுந்துபோய் வாங்கிவந்திருக்கிறார். நாங்கள் தினமும் தாமதமானதே அந்தக் கடையில் நின்றதால்தான் என்பது அப்போதுதான் எங்கள் மூன்று மண்டைக்கும் உறைத்தது.

"சும்மாதான் நிக்கிறேன்" என்றார் அண்ணன், எங்களைப் பார்க்காமல். "நீங்க ட்ரெய்னுக்குப் போங்க லா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் முன்கதவைத் திறந்தேன், அவர் பின்கதவைத் திறந்தார்.

ஹைவே மேட்டில் கார் பழையபடி மூச்சு வாங்கியது. பின்னால் லோரி ஹாரன். பை நேராகத் தொங்கியது. அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு விரல் நீண்டது. பையை மெல்லப் பின்னால் இழுத்து, கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருந்த பொட்டின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே! பொட்டத் தொட்டுருச்சு!" என்று கத்தினார் சரோ அக்கா.

அண்ணன் ஓரக்கண்ணால் பையைப் பார்த்தார். விரலைப் பார்த்தாரா, தெரியாது. முகமெல்லாம் பல்லாக, "பெட்டி இல்லாமலேயா? நான்தான் சொன்னேனே, நம்ம காருக்கு உள்ளுக்குள்ள பிக்கப் இருக்குன்னு!" என்று ஆரம்பித்தார். போர்ட் கிள்ளான் வரும்வரை வாய் மூடவில்லை.

நான் சீட்பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே, பயமா இருக்கு."