பத்து விரலில் ஒரு பாடம்

"ஆட்டை வித்தது யாருடா?"

குப்பு விழித்தான். மாரியப்பன் தன் ஆட்டைச் சந்தையில் விற்ற பாடத்தை அப்போதுதான் மூச்சு விடாமல் படித்து முடித்திருந்தான். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"நான் விக்கல சார்."

"உன்னைக் கேக்கலடா. பாடத்துல யாரு வித்தது?"

"எங்க வூட்ல ஆடே கெடையாது சார். வேணும்னா எங்கப்பாவக் கேட்டுப் பாருங்க."

சம்மந்தம் வாத்தியார் அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். விரித்திருந்தது வேறு பாடம். பையன் அத்தனையும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான்!

வாத்தியாருக்கு வியர்த்தது. காரணம், மேஜை மேல் கிடந்த கடிதம்.

புதுச்சேரி ஆபீசிலிருந்து காலையில் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷம் ஆகியும் ஆபீஸ் காகிதம் பிரெஞ்சில்தான் வந்துகொண்டிருந்தது. சம்மந்தத்துக்கு அதில் மூன்று விஷயம் புரிந்தது. பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை. இன்ஸ்பெக்டர்.

வேறென்ன வேண்டும்? வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்!

மீதியை யாரிடமாவது கேட்கலாம். ஆனால் முடியாது. பாகூர் வட்டாரத்தில் அவருக்குப் பெயரே 'பிரெஞ்சு வாத்தியார்'. பிரெஞ்சுப் பரீட்சையில் புத்தகம் முழுவதையும் நெட்டுருப் போட்டுத் தேறிய கதை அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

புது இன்ஸ்பெக்டர் குழந்தைவேல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாசம். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரே கேள்வி. "படிச்சது போதும், புரிஞ்சதைச் சொல்லு." போன மாசம் ஒரு பள்ளியில் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அந்தப் பள்ளி வாத்தியார் மாற்றலாகி இப்போது ஏனாமில் இருக்கிறார். ஐந்நூறு மைல். போகுமிடத்தில் தெலுங்கு. சம்மந்தத்தின் மனைவி அம்சவள்ளிக்கோ இது எட்டாம் மாசம்.

விடுவாரா சம்மந்தம்? அன்றே பாடத்திலிருந்து பத்துக் கேள்விகள், பத்துப் பதில்கள் தயார் செய்து உருப்போட வைத்தார். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பொழிந்து தள்ளினார்கள்.

சந்தேகத்துக்கு மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டுப் பார்த்தார்.

"ஆடு ஏன் மெதுவா நடந்துச்சு?"

"மாரியப்பன், சார்!" என்றது வகுப்பு. அது முதல் பதில்.

தலையில் கை வைத்தவருக்கு, கையைப் பார்த்ததும் யோசனை பிறந்தது.

"இதோ பாருங்கடா. கேள்வி எதுவா இருந்தாலும் இருக்கட்டும். எத்தனை விரல் காட்டுறேனோ, அத்தனாவது பதில். புரியுதா?"

"புரிஞ்சுது சார்!" வாழ்க்கையில் முதல் முறையாக வகுப்புக்கு ஒன்று புரிந்திருந்தது.

கடைசி வரிசையில் பரிதா மட்டும் கை தூக்கினாள். அப்பாவோடு சைகோனிலிருந்து வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், 'சார்' அவளுக்கு 'முசியே'தான். தமிழ் எழுத்தே இன்னும் பிடிபடவில்லை.

"முசியே, அந்தக் கடுதாசில..."

"உக்காரும்மா. மொதல்ல அனா ஆவன்னா எழுது."

கடிதத்தைத் தினமும் காலையில் அவர் உரக்கப் படித்தார், திரும்பத் திரும்பப் படித்தால் அர்த்தம் தானாக வந்துவிடாதா என்ற நப்பாசையில். வாத்தியார் எதை உரக்கப் படித்தாலும் கூடச் சொல்லிப் பழகிய வகுப்பு. வியாழக்கிழமைக்குள் கடிதம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை காலை. முதலில் வந்து நின்றவன் கொத்தனார் சின்னதம்பி, தோளில் ஏணியோடு.

"வாத்தியாரே, ஓடு பிரிக்கணும்."

"இன்னிக்கா? மூணு வருஷமா ஒழுகுதுன்னு மனு போட்டேன், அப்பல்லாம் இன்னா பண்ணே? இன்ஸ்பெக்டர் வர்ற நேரத்துலயா வருவே? போயா அந்தாண்ட!"

அவன் முணுமுணுத்துக்கொண்டே புளியமரத்தடியில் உட்கார்ந்தான்.

பத்து மணிக்கு வந்தார் குழந்தைவேல். "கடுதாசில சொன்னபடி வந்துட்டேன் ஓய்" என்றபடி மாலையை வாங்கி மேஜை மேல் போட்டார். பாடம் படிக்கப்பட்டது.

"படிச்சது போதும்" என்றவர் பொடி மட்டையைத் திறந்து, இரண்டு விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"சந்தைக்கு, சார்!" என்று அலறியது வகுப்பு.

இன்ஸ்பெக்டர் தும்மினார். "நான் இன்னும் கேள்வியே கேக்கலையே! இருங்க" என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"மாரியப்பனோட மாமியார், சார்!"

"என்னய்யா இது?" இரண்டு கையையும் விரித்தார்.

"எப்போதும் உண்மையே பேச வேண்டும், சார்!"

சம்மந்தத்தின் கண் முன்னால் ஏனாம் தெரிந்தது. "இது... உற்சாகம் சார். பிள்ளைங்க பிரெஞ்சுல இன்னும் பிரமாதம். டேய், ஆரம்பிங்கடா!"

கையிலிருந்த ஒரே பிரெஞ்சு அந்தக் கடிதம்தான். வகுப்பு அதை ஏற்ற இறக்கத்தோடு முழங்கியது. இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வரிக்கு வரி தலையை ஆட்டினார்.

"பேஷ்! அர்த்தம் தெரிஞ்சுதானே சொல்றாங்க?"

"பின்னே சார்? ஒவ்வொரு வரியும் விளக்கியிருக்கேன்."

"அதான் முகத்துலயே தெரியுதே. எனக்கும் பிரெஞ்சுன்னா உயிர் ஓய்." பார்வைப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்: 'புரிந்து படிக்கும் பள்ளி. ஆசிரியர் இங்கேயே நீடிக்கலாம்.'

சம்மந்தத்துக்கு மூச்சு திரும்பி வந்தது.

அப்போது தலைக்கு மேலே கடகடவென்று சத்தம். ஓர் ஓடு நகர்ந்தது. வானம் தெரிந்தது. அந்த வானத்தில் சின்னதம்பியின் முகமும் தெரிந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டான். கொட்டிய தூசி இன்ஸ்பெக்டரின் வழுக்கையில் இறங்கியது.

"எவன்டா அது? உன்னை யார் வரச் சொன்னது?"

"ஆபீசுல சொன்னாங்க சார். வெள்ளிக்கிழமைன்னு."

"பள்ளிக்கூடம் நடக்கறப்போ கூரையைப் பிரிக்கச் சொன்ன அந்த மடையன் யாருய்யா?" என்று கர்ஜித்தார் குழந்தைவேல். "எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

கடைசி வரிசையிலிருந்து பரிதா எழுந்து வந்தாள். மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்து, ஒரு முறை படித்து, அவரிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை ஓடு மாத்த ஆள் வரும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுடுங்க, அன்னிக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டாருன்னு இதுல போட்டிருக்கு, முசியே. கீழ கையெழுத்து உங்களுதுதான்."