வஜீர் வீட்டு நண்பகல் முரசு

நிஷாபூரில் கம்பளி வணிகம் நடத்தும் அன்பு மைத்துனர் ஹுமாம் அவர்களுக்கு, மெர்வ் அரண்மனை முரசுக்கூடக் கண்காணிப்பாளன் யூனுஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உமது நலத்தையும் உம் ஒட்டகங்களின் நலத்தையும் நாடுகிறேன். இக்கடிதம் வந்து சேரும்போது எங்கள் நலம் எந்நிலையில் இருக்குமென்று உறுதியில்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

முதலில் வேண்டுகோள். உம் லாயத்துக்கு மேலுள்ள அறையை வாடகைக்கு விட வேண்டாம். உம் அக்காவும் நானும் அதில் ஒளிய நேரலாம். வஜீர் ஜஹீருத்தவ்லா விழுந்துவிட்டார். விழும்போது கைக்கு எட்டியவர்களையும் பிடித்து இழுக்கிறார்.

சுல்தான் வாசலில் ஐவேளைத் தொழுகைக்கும் முரசு ஒலிக்கும். வஜீர் வாசலில் மூன்று வேளை மட்டுமே. நண்பகலும் பிற்பகலும் அரசருக்கே உரியவை என்பது விதி. சுல்தான் வல்லூறு வேட்டைக்குக் கிளம்பியதும் வஜீர் என்னை அழைத்தார்.

"என்ன யூனுஸ், மத்தியானமானா நம்ம வீடு சாவு விழுந்த மையத்து வீடு மாதிரி கெடக்கே."

"விதி இடம் தராது, ஹுஸூர்."

"முரசு முழக்கச் சொன்னேனா? ஒத்திகைதானய்யா பாக்கச் சொல்றேன். ஒத்திகைக்கு விதி இருக்கா?"

நினைவிலிருந்த விதிகள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒத்திகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லாததை இல்லை என்றுதானே சொல்ல வேண்டும், மச்சான்? சொன்னேன். முரசடிக்கும் தூகானையும் அனுப்பினேன். நண்பகலில் முரசு ஒலித்தது, வஜீர் மாடத்தில் வந்து நின்றார், தெருவில் போனவர்கள் அரசரோ என்று குனிந்தார்கள், அவருக்கு அது பிடித்துப்போயிற்று, தினமும் ஒத்திகை நடந்தது, அந்த நேரம் பார்த்தா சுல்தானுக்குப் பல்வலி வரணும், வேட்டையைப் பாதியில விட்டுட்டுக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கோட்டை வாசலுக்கு வந்தா முரசு முழங்குது. "நான் இங்க நிக்கிறேன், என் முரசு யாருக்குடா அடிக்குது?"ன்னு கேட்டிருக்கார். காவக்காரன் உண்மை பேசுறவன். "வஜீர் சாப்பிட உக்கார்றாரு, ஹுஸூர்"னுட்டான்.

சிறைக்குப் போகும் வழியில் வஜீர், "யூனுஸைக் கேளுங்க, எல்லாம் விதிப்படிதான்" என்று கத்தினாராம்.

உம் அக்கா இரண்டு நாளாக என்னை விடவில்லை. "ஒத்திகைன்னு பேரு வச்சா முரசு சத்தம் போடாதா? அம்பது வயசு ஆளுக்கு இதையும் கிதாபுல எழுதி வைக்கணுமோ?" என்கிறாள். என்னை அழைத்துப்போக வந்த காவலன் வாசலில் அமர்ந்து எங்கள் முலாம்பழத்தைத் தின்கிறான். அவன் நிதானமாகத் தின்பது நல்லதற்கா என்று தெரியவில்லை. உயிர் தப்பினால், பதவியும் முரசும் இல்லாத ஊரில் உம் கம்பளிகளை எண்ணிக்கொண்டு கிடப்பேன். இது சத்தியம்.

அல்லாஹ் உமக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக, மிச்சமிருந்தால் எங்களுக்கும்.

பணிவுடன்,
யூனுஸ்

பின்குறிப்பு: அறையை வாடகைக்கு விட்டுவிடலாம். பல்லைப் பிடுங்கிய நிம்மதியில் இருந்த சுல்தான், நான் விதிகளைப் பாதி சொல்வதற்குள் கையைத் தூக்கிவிட்டார். "போதும்யா. இவ்வளவு விதி பாக்குற ஆளுக்கு என் சிம்மாசனத்து மேல ஆசை வர நேரம் ஏது? நீயே வஜீரா இரு" என்றார். இன்று அதிகாலை நம் வாசலில் முரசு ஒலித்தது. உம் அக்கா மாடத்தில் நின்று கேட்டாள். நண்பகலில்தான் வீடு மையத்து வீடு போல இருக்கிறது. நாளை சுல்தான் மறுபடி வேட்டைக்குப் போகிறார். தூகானை ஒத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்னும் விதி இல்லை.