மலை தாண்டிய சைக்கிள்

முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட ஒரு சாண் சிறியதாக இருந்தது. போட்டோவிலும் அப்படியே இருந்ததால், கண்ணாடிக்கடைக்காரர் அதை மாற்றுவதற்குச் சம்மதிக்கவே இல்லை.

“சார், இதுல ஏறி உட்கார்ந்தா சமதரையில கூட இறக்கத்துல போற மாதிரி இருக்கும்,” என்றார் சைக்கிள் மெக்கானிக்.

“இருக்கட்டும். எங்க மாமா இதுலதான் மலையே ஏறியிருக்கார்.”

“பிரேக்கையும் காணோமே?”

“கேட்டுட்டேன். அவர் பிரேக்கே பிடிச்சதில்லையாம்.”

மெக்கானிக் போட்டோவை ஒருமுறை பார்த்தார், கண்ணாடிக்கடைக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வேணும்னா கூப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் போட்டோ கூடத்துச் சுவரில் பல வருஷமாகத் தொங்குவது. இளவயது மாமனார் முழுக்கை சட்டையில், ஒரு சைக்கிளின் கைப்பிடியை அணைத்தபடி நிற்பார். பின்னால் மலை, மலைக்கு மேலே மேகம். பக்கத்திலேயே மாமியாரின் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவும் இருந்தது. ஒரு ஓரம் கத்தரித்ததுபோல ஒல்லியான படம், ஒல்லியான சட்டம்.

சாப்பாட்டு மேஜையில் மாமனார் அந்தச் சைக்கிளில் தாண்டாத மலை இல்லை. புயலில் போனது, புலியை முந்தியது, கல்யாணத்துக்கு முந்தின வாரம் யாரோ ஒரு ஏழைக்குத் தானமாகக் கொடுத்தது என்று கதை நீண்டுகொண்டே போகும். கடைசியில் மருமகன் பக்கம் திரும்பி, “என்ன டாக்டரே, நீங்க இன்னிக்கு எத்தனை ஸ்குரு முடுக்கினீங்க?” என்பார்.

கண்ணாடிக்கடைக்காரர் டாக்டர் இல்லை. கண் பார்த்து, பவர் சொல்லி, கண்ணாடி மாட்டிவிடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரை ‘மாப்பிள்ளை’ என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அதுதான் அவருக்கு ஆறாத குறை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் பிறந்தநாள். சொந்தபந்தம் எல்லாம் வரும். அத்தனை பேர் முன்னால் அதே சைக்கிளை நிறுத்திவிட்டால், அந்த வாயிலிருந்து ‘மாப்பிள்ளை’ தானாக வந்துவிழும் என்று அவர் கணக்குப் போட்டார். பழைய இரும்புக்கடைகளில் சட்டம், சக்கரம், விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிவந்து, காரை வெளியே நிறுத்திவிட்டு கார் ஷெட்டில் வேலையை ஆரம்பித்தார்.

விஷயம் தெரிந்ததும் மாமனார் முகம் தொங்கிப்போனது.

“எதுக்கு டாக்டரே வீண் வேலை? உங்களுக்கு இதெல்லாம் வராது.”

போதாதா? கண்ணாடிக்கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“பெல் எந்தப் பக்கம் மாமா? போட்டோவுல உங்க கை மறைக்குது.”

“பெல்லா? அது வந்து… இடது பக்கம்.”

காபி கொண்டுவந்த மாமியார், “வலது பக்கம். அடிச்சா சத்தமும் வராது,” என்றார்.

“உனக்கென்ன தெரியும்? ஓட்டினவன் நானா நீயா?” என்று மாமனார் எகிறினார். மாமியார் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஓட்டினவர் சொல்லுக்கு மேல் ஏது சொல்? கண்ணாடிக்கடைக்காரர் இடது பக்கமே பெல்லைப் பொருத்தினார்.

அதன்பிறகு சனியன் பிடித்தது. முதலில் ஸீட் காணாமல் போனது. ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மனைவியின் உடற்பயிற்சி சைக்கிளிலிருந்து ஸீட்டைக் கழற்றி மாட்டினார்.

“என்னங்க இது? நான் இனிமே எதுல உட்கார்ந்து இளைக்கிறது?”

“ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இளைக்காம இரேன்.”

அந்த வார்த்தைக்காக இரண்டு வேளை அவருக்குச் சாப்பாட்டோடு பேச்சு பரிமாறப்படவில்லை. அடுத்தது செயின் காணாமல் போனது. புதிதாகக் கிடைத்த செயின் நீளமாக இருந்ததால் பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினார். தள்ளியதில் மட்கார்டு உரசியது. மட்கார்டை வளைத்தார், அது பிளந்துகொண்டது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, சலவை மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மனைவி அழுக்குத்துணிக் கூடையை அப்படியே அதில் கொட்டிவிட்டு மாடிக்குப் போயிருந்தாள். மெஷினை நிறுத்தித் திறந்தால், அவருடைய ஆறு வெள்ளைச் சட்டைகளும் கருப்புச் சட்டைகளாக மாறியிருந்தன. நடுவில் பளபளவென்று குளித்துமுடித்துக் கிடந்தது பழைய செயின்.

திரும்பினார். ஒரு பெடலை வேட்டி மடிப்பில் மறைத்தபடி மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, நீங்களா?”

மாமனார் கதவைச் சாத்தினார்.

“மாப்பிள்ளை,” என்றார்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு சட்டையும் மறந்துபோனது.

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது மாப்பிள்ளை. அது போட்டோ ஸ்டுடியோ சைக்கிள். ஸ்டுடியோக்காரர் உடைஞ்ச சைக்கிளை எல்லாம் சேர்த்து சும்மா நிறுத்திவெச்சிருந்தது. பின்னால இருக்கற மலை வெறும் திரை. சட்டை மட்டும்தான் என்னோடது.” கொஞ்சம் யோசித்தார். “அதுவும் எங்க அண்ணனோடது.”

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், லென்ஸ் வைத்து அந்தப் போட்டோவை நாள்கணக்கில் பார்த்தவர், அசந்து நின்றார்.

“இதை அத்தைகிட்ட சொல்லிட்டா என்ன?”

“ஐயோ! அந்தப் போட்டோவைப் பார்த்துத்தானே அவ சம்மதிச்சா! இத்தனை வருஷம் ஏமாத்தினேன்னு தெரிஞ்சா, அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நாளைக்கு எல்லாரும் ஓட்டச் சொல்வாங்களே மாப்பிள்ளை!”

ஒரே மூச்சில் மூணு மாப்பிள்ளை. கண்ணாடிக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“பெடல் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குச் செய்யத் தெரியல, பாதியில நின்னுபோச்சுன்னு சொல்லிடறேன்.”

“எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்களே?”

“சிரிக்கட்டும் மாமா. எனக்குப் பழக்கம்தானே.”

மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. பெடலை எடுத்துக்கொண்டுபோய்த் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சொந்தபந்தம் கூடிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஷெட்டைத் திறந்தார். உள்ளே மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மட்கார்டு நிமிர்ந்திருந்தது. இரண்டு பெடலும் இருந்தன, ஒன்று புத்தம்புதுசு.

“பாவம், ராத்திரி பகலா உழைச்சீங்க,” என்றாள் மனைவி பூரிப்போடு. “இன்னிக்குப் போய் அசிங்கப்படக் கூடாதுன்னு நான்தான் இவரைக் கூப்பிட்டேன். எப்படி என் சர்ப்ரைஸ்?”

“நல்லா எண்ணெய் விட்டிருக்கேன் சார்,” என்றார் மெக்கானிக். “ஊதினாலே பறக்கும்.”

சைக்கிள் வெளியே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் போனைத் தூக்கிப் பிடித்தான்.

“அப்பா, ஏறுங்க! ஒரு ரவுண்டு!”

“முட்டி வலிடா,” என்றார் மாமனார்.

“ஏறி உட்கார்ந்தா போதும்ப்பா, தெருதான் இறக்கமாச்சே!”

மாமனார் முட்டியிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தலைசுற்றலுக்கும் போய்ப் பார்த்தார். யாரும் விடுவதாக இல்லை. மச்சான் அவரை அப்படியே தூக்கி அகலமான ஸீட்டில் உட்காரவைத்தான். கண்ணாடிக்கடைக்காரர் பாய்ந்துபோய் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, விட்டுடாதீங்க,” என்று மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“உயிரே போனாலும் விடமாட்டேன் மாமா.”

ஆனால் கேரியர் சைக்கிளை விட்டுவிட்டது. கையில் கேரியரோடு கண்ணாடிக்கடைக்காரர் நிற்க, சைக்கிள் தெருவில் இறங்கியது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அது பறந்தது. மாமனார் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, “என்ன ஸ்டைலு!” என்றான் மச்சான்.

கண்ணாடிக்கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். “மாமா, பிரேக்! பிரேக் பிடிங்க!”

“போட்டோவுல இல்லையே மாப்பிள்ளை!”

தெருமுனை வீட்டுச் செடிவேலி அவரை வாங்கிக்கொண்டது. சைக்கிள் ஒரு குட்டிக்கரணம் போட்டு நின்றது. இடது பக்கத்துப் பெல் மட்டும் கழன்று, கணீரென்று அடித்துக்கொண்டே தெருவில் உருண்டு போனது.

கூட்டம் மொத்தமும் ஓடிவந்தது. மாமனாருக்கு முழங்கையில் சிராய்ப்பு, தலை நிறைய இலை. வேறொன்றும் இல்லை.

“தப்பு என்னோடது,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மூச்சிரைக்க. “முன்சக்கரம் சின்னது, நான்தான் சரியா பொருத்தல. எனக்கு இதெல்லாம் வராதுன்னு மாமா அப்பவே சொன்னார்.”

மச்சான் சிரிக்க வாயெடுத்தான். மாமனார் செடிக்குள்ளிருந்தே கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

“யாரும் என் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர் அப்படியே, அச்சு அசலா செஞ்சிருக்கார். நான்தான்…” மாமியாரை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அது ஸ்டுடியோ சைக்கிள். உன்னை ஏமாத்திட்டேன்.”

மாமியார் குனிந்து, அவர் தலையிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்.

“அப்பவே சொன்னேன்ல, பெல் வலது பக்கம்னு? பொண்ணு சைக்கிள் ஓட்டுறவளான்னு உங்க வீட்டுல பயந்துடக் கூடாதுன்னு எங்கப்பா கத்தரிச்சுட்டு அனுப்பினாரே, என் போட்டோவோட அந்தப் பாதியில நின்னதும் இதே சைக்கிள்தான்!”