ஒரு துளியை எண்ணிய நாள்

“கார்டு கிடைக்கவில்லை” என்றது திரை. “செயலியைக் கொண்டே எண்ணுகிறேன். மீதி நேரம்: ஒன்பது மணி.”

நிபால்தோ கடிகாரத்தைப் பார்த்தான். காலை எட்டு. மாலை நான்குக்குள் சிப்பியை விஷமாக்கும் பாசியின் எண்ணிக்கை அரசுக்குப் போய்ச் சேராவிட்டால், விதிப்படி வளைகுடாவை ஒரு மாதம் மூடிவிடுவார்கள். சிப்பி எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது.

சிலோயே தீவின் அந்தச் சின்னக் கடல் ஆய்வகத்தில் அவன் கம்ப்யூட்டர் பார்ப்பவன். கடல் பார்க்கும் டாக்டரம்மா தலைநகர் சாந்தியாகோவுக்குப் போயிருந்தார். “கடல் தண்ணி வரும். ஒரு துளி வை. மைக்ரோஸ்கோப்பே படம் எடுக்கும், கம்ப்யூட்டரே நச்சுப் பாசியை எண்ணும். பொத்தானை அமுக்கறதுதான் உன் வேலை” என்று போனில் சொல்லியிருந்தார். அவன் வந்தபோதே மேசைமேல் பாட்டில் இருந்தது. பாசி கெடாமலிருக்க அயோடின் விட்டு அனுப்புவதால், எப்போதும்போல் தேநீர் நிறம். துளி வைத்தான். பொத்தானை அமுக்கினான்.

செயலி, அதாவது கம்ப்யூட்டரின் மூளை, ஒரு மேதை. எந்தக் கணக்கையும் போடும். ஆனால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கிராஃபிக்ஸ் கார்டோ சிப்பி உடைக்கும் கொட்டகை மாதிரி. உள்ளே மூவாயிரம் பேர். யாருக்கும் பெரிய அறிவு கிடையாது. ஆளுக்கொரு புள்ளியை நீட்டினால் ஒரே மூச்சில் உடைத்துப் போடுவார்கள். படத்திலோ கோடிப் புள்ளிகள். கொட்டகைக்கென்றே பிறந்த வேலை. கொட்டகைக்குள் போகும் கதவைத்தான் காணோம். டிரைவர் என்கிற சின்ன மென்பொருள்தான் அந்தக் கதவு.

ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கையை நிறுத்தினான். புத்தம்புது டிரைவரைப் போட்டான். திரை அணைந்து, எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி எழுந்தன.

“பெருசாக்கினா சீக்கிரம் எண்ணுமாக்கும்?”

வாசலில் எர்சிரா, அவன் அண்ணன் மனைவி. வளைகுடாவின் சிப்பிக்காரர் சங்கத் தலைவி. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அண்ணி, இது வேற கோளாறு.”

“நாப்பது படகு சும்மா நிக்குது தம்பி. உன் அண்ணன் படகையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கறான்.”

பாசி எண்ணும் மென்பொருள் மூன்று வருடப் பழசு. அதற்குப் பழைய கதவுதான் பொருந்தும் என்று பதினோரு மணிக்குப் புரிந்தது. பழைய டிரைவர் ஏறியதும் “கார்டு கிடைத்தது” என்றது திரை. எர்சிரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

“நினைவகம் போதவில்லை” என்று அடுத்த வரி வந்தது.

“அதாவது?”

“கொட்டகைல இடமில்ல. படத்தைத் துண்டு போட்டு அனுப்பணும்.”

நூறு துண்டாக்கினான். வெட்டுக்கோட்டில் கிடந்த ஒவ்வொரு பாசிச் செல்லும் இரண்டு துண்டிலும் பாதிப் பாதியாகத் தெரிந்து, இரண்டு முறை எண்ணப்பட்டது. அதைச் சரிக்கட்ட ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினான். மூலையில் கிடந்தவை நான்கு முறை எண்ணப்பட்டன.

“விட்டா கடலையே நிரப்பிடுவே போலிருக்கே!”

நடுப்புள்ளி எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்கே செல் சொந்தம் என்று விதி எழுதினான். மணி இரண்டு. கணக்கு ஓடத் தொடங்கி, மெதுவாகி, நத்தையாகி, நின்றது. கார்டு சுட்டது. சூடேறினால் தன்னைத் தானே மந்தமாக்கிக்கொள்வது அதன் தற்காப்பு. பின்னால் ஒரு முழ தூரத்தில் விறகடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

“அடுப்பை அணைக்கணும் அண்ணி.”

“இந்த மழையிலயா? அஞ்சு நாளா மூக்கடைச்சுக் கிடக்கறே. உன் சளி எனக்கும் வரணுமா?”

அணைத்தார்கள். சன்னலையும் திறந்தான். மூடுபனி உள்ளே வந்து நாற்காலிகளுக்கிடையே அமர்ந்தது. கூரைப் பலகைகளில் மழை ஏதோ மறந்துபோன கதையை முணுமுணுத்தது. கார்டு ஒருவழியாக ஆறியதும், மூன்று நாற்பதுக்கு அவன் மறுபடி பொத்தானை அமுக்கினான்.

விசிறி பெருமூச்சு விட்டது. திரையின் இருட்டில் ஒரு பொன் உருண்டை மிதந்து வந்தது, பிறகு பத்து, பிறகு ஆயிரம். தூரத்துப் படகு விளக்குகளெல்லாம் வானத்துக்கு ஏறிவிட்டதுபோல் இருந்தது. சில உருண்டைகள் தம் தோளில் குட்டி உருண்டைகளைச் சுமந்திருந்தன. மூவாயிரம் கைகள் சத்தமில்லாமல் நட்சத்திரம் பொறுக்குவதை அவன் வாய் பிளந்து பார்த்தான். எதற்காக எண்ணுகிறோம் என்பதே மறந்துபோயிற்று.

பன்னிரண்டு நொடி. முடிந்தது.

“அழகா இருக்குடா” என்றாள் எர்சிரா, தன்னையறியாமல். “எத்தனை?”

அவன் படித்தான். பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணினான்.

“லிட்டருக்கு நானூறு கோடி.”

“ஐயோ! அவ்வளவு இருந்தா கடல் கஞ்சி மாதிரி கெட்டியால்ல இருக்கணும்?”

“மெஷின் பொய் சொல்லாது அண்ணி.”

அவள் நாற்காலியில் சரிந்தாள். “பாங்குல படகை அடகு வெச்சிருக்கோம். உன் அண்ணன்கிட்ட நீயே சொல்லு.”

மூன்று ஐம்பது. ‘வளைகுடாவை மூடுக’ என்று தட்டச்சு செய்து, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தான். விரல் இறங்க மறுத்தது.

கதவு படாரென்று திறந்தது. தண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் அபெலார்தோ, தொப்பியைப் பிழிந்தபடி நின்றார். கையில் தேநீர் நிறத்தில் ஒரு பாட்டில்.

“மன்னிச்சுக்க தம்பி, காத்துல படகு நகரவே இல்ல. கடல் தண்ணி இந்தா.”

நிபால்தோ மேசைமேல் இருந்த பாட்டிலைக் காட்டினான்.

“அதுவா? நேத்தே வெச்சுட்டுப் போனேனே! டாக்டரம்மாவுக்கு எங்க அக்கா குடுத்தனுப்பினது, ஈஸ்ட் இன்னும் பொங்கற ஆப்பிள் கள்ளு.”