முசியே அந்துவானின் மரு

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி. கொதிக்கிற குழம்பைக் கிளறுவேன், இறக்கி வைத்த குழம்பையும் கிளறுவேன். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பேன். ஆறி வருகிற புண்ணைச் சொறிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போட்டோவைத் திருத்தும் கம்ப்யூட்டர் கிடைத்தால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள், அதுதான் என் வருத்தம்.

வைத்திக்குப்பம் போகும் வழியில் அப்போதுதான் ஸ்டூடியோ திறந்திருந்தேன். ஆள் வரவில்லை. ஆள் வராத கடையில் உட்கார்ந்திருப்பது என்னைப் போன்றவளுக்கு ஆயுள் தண்டனை. லைட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்துவேன். மத்தியானம் திரும்ப இந்த மூலைக்கே கொண்டுவருவேன். கடையின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்ததில், பலகை எழுத வரும் பெயிண்டர் அண்ணன் ஒருநாள், “இந்த வாட்டி சாக்பீஸ்ல எழுதிட்டுப் போவட்டாம்மா?” என்று கேட்டுவிட்டார்.

மிச்ச நேரமெல்லாம் யூடியூபில் சிறுதொழில் ஆலோசனை பார்ப்பேன். கோட் போட்ட ஒருவர் கையை விரித்து, “கேட்டதைக் கொடுப்பவன் கடைக்காரன், கேட்காததையும் கொடுப்பவன் கலைஞன்!” என்றார். எனக்குப் புல்லரித்துப் போனது. (அந்த வயதில் எதற்கும் புல்லரிக்கும்.) உடனே பெரிய எழுத்தில் அச்சடித்து, கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, “கேட்டதக் குடுக்கறதுக்கே இங்க ஆளக் காணோம்” என்றாள்.

அந்த வாரத்தில்தான் முசியே அந்துவான் வந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களைச் ‘சொல்தா’ என்போம். இவர் அசல் சொல்தா. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, விறைத்த முதுகு. மூக்குக்குப் பக்கத்தில், வலது கன்னத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு. கூட அவர் மனைவி. பிரெஞ்சு மரியாதைப்படி தெருவே இவரை முசியே என்றும் அவரை மதாம் என்றும்தான் கூப்பிடும்.

“போன்ழூர். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்” என்றார் முசியே. “சிரிக்கக் கூடாது. கண்ணாடி கூடாது. ரெண்டு காதும் தெரியணும். போட்டோவுல ஒரு வேலையும் பண்ணக் கூடாது. அப்பிடியே இருக்கணும்.”

மதாமுக்கு அதற்குள் நிற்க முடியவில்லை. “சீக்கிரம் எடும்மா. எங்க பொண்ணு சிமோனுக்குத் தலைப்பிரசவம். பிரான்சுல தனியா கெடக்குது. டிக்கெட்டு போட்டாச்சு, லேகியம் கிண்டியாச்சு, பூண்டு கூட உரிச்சு வச்சிட்டேன். பாத்தா இவரு பாஸ்போர்ட்டு முடிஞ்சிருக்குது! நாளைக்குக் காலைல ஆபீசுல வரச் சொல்லியிருக்காங்க. அத உட்டா அடுத்த தேதி புள்ள பொறந்தப்புறந்தான்.”

“நீங்க முன்னாடி போங்களேன் மதாம்” என்றேன்.

“நடுவுல ஏதோ ஊருல பிளேன் மாறணுமாமே. நான் பஸ்ஸே மாற மாட்டேன்டி!”

எடுத்தேன். நல்ல படம். அவர்களை உட்கார வைத்து அம்மா காப்பி கொடுத்தாள். நான் கம்ப்யூட்டரில் அளவுக்கு வெட்டினேன். அத்தோடு பிரிண்ட் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

கண்ணுக்குக் கீழே லேசாகக் கறுப்பு. அதை மட்டும் எடுத்தேன். எடுத்ததும் நெற்றிச் சுருக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தது, அதையும் எடுத்தேன். நிறத்தைக் கொஞ்சம் தூக்கினேன். இரண்டு காதும் தெரியணும் என்றாரே, ஒரு காது வெட்கப்பட்டு உள்ளே இருந்தது, வெளியே இழுத்துவிட்டேன். மண்டையில் வெட்டவெளி. பாவமாக இருந்தது, முடி நட்டேன். கடைசியில் அந்த மரு. மேலே பார்த்தேன், கேட்காததையும் கொடு என்றது சுவர். ஒரே அழுத்து, மரு போயே போச்சு. சேவ் பண்ணினேன், ஒரிஜினல் மேலேயே. (தொழில் செய்கிறவர்களே, ஒரிஜினலைத் தனியாக வையுங்கள். இதற்கு நான் காசு கேட்கவில்லை.)

அம்மா எட்டிப் பார்த்து, “யாருடி இது?” என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முசியே படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது. “த்ரே பியான், ரொம்ப நல்லாருக்குது” என்றார் மெதுவாக. “இதையே பெருசா ஒண்ணு போட்டு வையி.” கிளம்பும்போது இல்லாத முடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை. ஆட்டோ வந்து நின்ற வேகத்திலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது. மதாம் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். “அடிப்பாவி! இன்னாடி பண்ணி வச்சிருக்க? கவுண்டர்ல இருக்கிற பொண்ணு போட்டோவப் பாக்குது, இவரப் பாக்குது. அப்புறம் சொல்லுது, ‘உங்க மகன் நேர்ல வரணும் முசியே, போட்டோல இருக்கிறவரு வந்தாத்தான் வாங்குவோம்’னு. எங்களுக்கு மகனே இல்லியேடி!”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (கை ஓடாதது அன்றைக்குத்தான் முதல் தடவை.) அந்தப் பெண் நல்லவள் போலிருக்கிறது, பன்னிரண்டு மணிக்குள் சரியான போட்டோ கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

“அஞ்சே நிமிஷம் மதாம். முசியே, உக்காருங்க, புதுசா எடுத்துடறேன்.”

முசியே உட்கார்ந்தார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டார். “புதுசா எதுக்கு? இது நல்லா இருக்குது. அவங்களுக்குத்தான் கண்ணு சரியில்ல.”

“ஏங்க!” என்று அலறினார் மதாம்.

“நான் இல்லன்னா வேற யாரு இது?”

ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். மதாம் அவரைப் பிடித்து நிறுத்த ஓடினார். முசியே குரலைத் தாழ்த்தி என்னிடம் பேரம் பேசினார். “மருவ வேணா திருப்பிப் போட்டுக்கோ. முடியத் தொடாத.”

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் பாய்ந்தேன். “எந்தக் கன்னம் முசியே?” “வலது.” நானும் திரையில் வலது பக்கமாக ஒரு மருவை வைத்தேன். நிழலெல்லாம் கொடுத்து, அசலை விட அழகாக. எதிரே இருப்பவரின் வலது எனக்கு இடது என்பது சைக்கிள் ஓட்டும் குழந்தைக்குக் கூடத் தெரியும். போட்டோகிராபருக்குத் தெரியவில்லை.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் நானும் போனேன். பிரெஞ்சு பாஸ்போர்ட் கொடுக்கும் அந்த ஆபீஸில் வரிசை வாசல்வரை நின்றது. கவுண்டர் பெண் படத்தைப் பார்த்தாள். முசியேவைப் பார்த்தாள். பழைய பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். திரும்பவும் முசியேவைப் பார்த்தாள்.

“முசியே, மரு ஏன் அந்தப் பக்கம் போயிருக்குது?”

முசியே கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “வயசாச்சி இல்ல? கொஞ்சம் நகந்திருக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் தமிழில் சிரித்தார்கள், பிரெஞ்சிலும் சிரித்தார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இன்னும் முக்கா மணி நேரம் இருப்பேன் முசியே. தயவு செஞ்சு உங்க மூஞ்சியோட வாங்க” என்றாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோது மதாமிடம் கோபம் தீர்ந்துபோயிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மொச்சைத் தோல் குவிந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். “அவ வலியில கத்தறப்ப நான் பக்கத்துல இருக்கணுங்க. இத்தினி வருசத்துல உங்கள நான் வேற இன்னா கேட்டேன்?”

முசியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை அப்போதும் சும்மா இல்லை, திரைச்சீலை நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் என்னால் வந்த வினை. ஒரு மனிதரைப் பார்த்து, உன் முகத்தில் இதெல்லாம் தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவள் நான்தானே. அவர் எப்படித் திரும்பிப் போவார், அந்த முகத்துக்கு?

அந்த நேரத்தில் மதாமின் போன் அடித்தது. வீடியோவில் சிமோன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்போல, தலையணையில் சாய்ந்துகொண்டே பேசினாள். “இன்னாம்மா, பாஸ்போர்ட்டு வேல முடிஞ்சுதா?”

மதாம் படத்தைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டினார்.

“யாரும்மா இது?”

“உங்கப்பாருடி.”

சிமோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “பப்பாகிட்ட குடு.”

முசியே போனை வாங்கினார்.

“பப்பா, எனக்கு பயமாருக்குது பப்பா. நான் ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தா உன் மூஞ்சியப் பாக்கணும். இந்த ஆள எனக்குத் தெரியாது. நீ வா. மருவோட வா.”

முசியே போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். நாற்காலியில் போய் விறைப்பாக உட்கார்ந்து, “எடு” என்றார்.

எடுத்தேன். எனக்கே கண் கலங்கி, ஃபோகஸ் சரியாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அம்மா வந்து என் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “இடது கையால வெட்டு, போதும்” என்றாள். பிரிண்டர் படத்தைத் துப்பும்வரை பிடி தளரவில்லை. சிவந்த கண், வழுக்கை, வெட்கப்படும் காது, வலது கன்னத்தில் மரு. நான் எதுவுமே செய்யாமல் கொடுத்த முதல் படம் அதுதான். கவுண்டர் பெண் பார்த்துவிட்டு, “ஆ, முசியே! நீங்களா?” என்றாளாம்.

இரண்டு பேரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பேத்தி பிறந்தாள். மதாம் எனக்குக் குழந்தை படம் அனுப்பினார், கீழே ஒரே வரி: “சட்டம் போட்டு வையி, கை வைக்காத.”

சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்தாயிற்று. காலாப்பட்டிலிருந்து காலேஜ் பிள்ளைகள் சில சமயம் வந்து, “மேடம், தொழில் தொடங்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ் சொல்லுங்க” என்பார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா உள்ளேயிருந்து, “கேக்காதத குடுக்காதீங்கப்பா!” என்று முடித்துவிடுவாள். வீட்டில் நான் இறக்கி வைத்த குழம்பில் கரண்டி போட்டால், “மருவ எடுக்காதடி” என்பாள்.

பெரிதாகப் போடச் சொன்ன அந்தப் படத்தை முசியே மறக்கவில்லை. கேட்டு வாங்கி, தங்கச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். யார் என்று கேட்பவர்களிடம், “என் தம்பி” என்பார். மதாம் விடுவாரா? என்னை இழுத்து நிறுத்தி, “என் மாமியா பெக்காத கொழுந்தன இவதான் பெத்துக் குடுத்தா” என்று ஊருக்கே அறிமுகம் செய்வார். கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போது கொழுந்தனுக்கு என்று ஒரு துண்டு எடுத்து வைக்கிறார்கள். அதைச் சாப்பிட வேண்டியது நான்.

போன கிறிஸ்துமஸுக்குச் சிமோன் மகளோடு வந்திருந்தாள். வாய் ஓயாத குழந்தை. கேக் வாயோடு அந்தப் படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

“தாத்தா, சின்னத் தாத்தா ஏன் எங்க வூட்டுக்கு வரவே மாட்டேங்குறாரு?”

கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. முசியே அந்துவான் மருவை மெல்லத் தடவிக்கொண்டே, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

“அவருக்கு பாஸ்போர்ட்டு குடுக்க மாட்டேன்னுட்டாங்கம்மா.”