நஷ்டஈடாகக் கிடைத்த பைக் சவாரி

அருள், ஜெனி, உங்க அம்மா சொல்ற கதையில் நான் கொஞ்சம் அதிகமாகவே ஏமாளியாக வருவேன். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். (படித்த பிறகும் அப்படியே தோன்றினால் விட்டுடுங்க.)

ரெண்டு ஸ்டேட் எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியில் ரோட்டைத் தாண்டும்போது ராங் சைடில் வந்த பைக் ஒன்று என் கால்மேல் ஏறிவிட்டது. ஓட்டி வந்தவன் மஞ்சு, அத்திப்பள்ளியிலிருந்து பூ மூட்டை ஏற்றி வருகிற பையன். எனக்குக் கணுக்காலில் விரிசல், மாவுக்கட்டு. மறுநாள் பஞ்சர் கடை நஞ்சப்பா முன்னால் பேச்சுவார்த்தை. ஸ்டேஷனுக்குப் போனால் இது எந்த ஸ்டேட் கேஸ் என்று முடிவாவதற்குள் கால் தானாகவே கூடிவிடும் என்றார் அவர்.

ஆஸ்பத்திரிச் செலவை மஞ்சுவே கட்டிவிட்டான். மேற்கொண்டு நஷ்டஈடு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கறாராகப் பேசணும் என்று உங்க அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் எனக்கு ஒரே கவலை. கம்பெனியில் யாரை பர்மனென்ட் ஆக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. லீவு போட்டால் போச்சு. உட்கார்ந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் வேலைதான். அங்கே போய்ச் சேருவதுதான் பாடு.

"பணம் வேணாங்க. கால் சரியாகற வரைக்கும் தெனம் இவன் என்னைக் கம்பெனியில கொண்டுபோய் விடட்டும்," என்றேன். பெரிய ராஜதந்திரி மாதிரி சுற்றி ஒரு பார்வை வேறு.

நஞ்சப்பா என்னையே பார்த்தார். "இவன் பைக்லயா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

காலையில் மஞ்சு வாசலில் வந்து ஹாரன் அடித்தபோதுதான் உறைத்தது. என்னை இடித்தவன் ஓட்ட, இடித்த அதே பைக்கில், நானே கேட்டு வாங்கி ஏறுகிறேன். அன்றைக்கு அவன் ஏதோ அவசரத்தில் வந்தான் என்று நினைத்திருந்தேன். அவன் ஓட்டுவதே அப்படித்தான். ரெண்டு லாரிக்கு நடுவே புகுந்துகொண்டே, முகத்தை முழுசாகப் பின்னால் திருப்பி, "கால் நோவுதாண்ணா?" என்பான்.

"முன்னால பாருடா சாமி."

கம்பெனி கேட் வருவதற்குள் ஜெபமாலை முழுசும் சொல்லி முடித்துவிடுவேன். (கோயிலில் அவ்வளவு பக்தியாக ஒருநாளும் சொன்னதில்லை.)

ஆனால் அவன் ஒருநாள்கூடத் தவறவில்லை. மழையிலும் வந்தான். எனக்கு பர்மனென்ட் ஆர்டரும் வந்தது. இன்றும் வீட்டில் யாராவது ஓசி என்று எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டால், "அப்பாவோட நஷ்டஈடு" என்கிறாள் உங்க அம்மா.

கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல், நொண்டிக்கொண்டே மாதா கோயிலுக்குப் போனேன். என் காலுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மஞ்சுவுக்கு ஒன்று. கொஞ்சம் யோசித்து, அவனுக்கு எதிரே வருகிறவர்களுக்காக இன்னொன்று.