அல்லிக்கு வைத்த பேனர்

ஒரு விஷயம் நடந்தால் மட்டும் போதாது, அது பத்துக்கு எட்டு அளவில் அச்சாகி இரண்டு சவுக்குக் கம்புகளில் ஏறினால்தான் நடந்ததாகக் கணக்கு என்று நம்புகிறவர்கள் மதுரையில் ஏராளம். ஆனால் அத்தனை பேரும் சொந்தக் காசில் சொந்த முகத்தைப் போட்டுக்கொள்கிறவர்கள். சொந்தக் காசில் அடுத்தவன் முகத்தை மட்டுமே போட்டு மகிழ்கிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் கே.கே. நகரில் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. அவருக்குப் பேனர் அண்ணன் என்று பெயர். உண்மையான பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை.

தொழில், தண்ணீர் மோட்டார் ரிப்பேர். எந்த வீட்டு மோட்டார் இருமினாலும் சத்தத்தை வைத்தே வீட்டு எண்ணைச் சொல்லிவிடுவார். சம்பாதிப்பதில் பாதி சாப்பாட்டுக்கு, மீதி ஃப்ளெக்ஸ் கடைக்கு. என் மகன் நான்காவது தடவையாக எழுதிய கணக்குப் பரீட்சையில் தேறினான். வீட்டுக்குள் சத்தமில்லாமல் ஒரு கேசரி கிண்டி விஷயத்தை முடித்துவிடலாம் என்று நாங்கள் இருந்தோம். மறுநாள் காலையில் தெருமுனையில் சிங்கம் ஒன்று கர்ஜிக்க, பக்கத்தில் என் மகன் கூலிங் கிளாஸுடன் நிற்க, ‘நான்கே முயற்சியில் கணிதத்தை வீழ்த்திய எங்கள் தங்கமே’ என்று பேனர் நின்றது. பையன் ஒரு வாரம் பின்தெரு வழியாகத்தான் கல்லூரிக்குப் போனான்.

எதிர் வீட்டு டீச்சருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். டீச்சரின் படமும் கல்லின் படமும் சம அளவில் வந்தன. டீச்சர் கோபமாகக் கேட்டதற்கு, “கல்லு கொஞ்சம் பெருசா விழுந்துருச்சு டீச்சர், கடைக்காரன் தப்பு” என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாலிபத்தில் ஒருமுறை சோழவந்தானுக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார். போன இடத்தில் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரின் சத்தம் சரியில்லை என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மோட்டார் ஓடியது. பெண்ணை அவர்களும் காட்ட மறந்தார்கள், இவரும் கேட்க மறந்தார். எப்படியண்ணே இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். “மூணு ஹெச்.பி. மாப்ள. நல்ல கண்டிசன்” என்றார்.

இதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது, திடீரென்று என்னிடம் சொன்னார். “எல்லா வீட்டுலயும் கூப்பிடுறாக, நானும் போயித் திங்கிறேன். திரும்ப ஒரு நாளாச்சும் கூப்பிடணும்ல மாப்ள. என்னத்தச் சொல்லிக் கூப்பிடுறது? மோட்டாருக்கா காது குத்த முடியும்?” அவர் வாசலில் ஒரு விசேஷம், அதற்கு நாலு பேரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனின் ஆசை.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு புண்ணிய காரியம் செய்தேன். என் போனுக்கு வந்த ஒரு விளம்பரத்தைப் படிக்காமலேயே தெரு வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். வெண்ணெய் நிறத்தில் ஒரு லேப்ரடார் குட்டி. பெங்களூரில் வசிக்கும் குடும்பம் வெளிநாடு போகிறதாம், குட்டியை நல்ல மனம் படைத்தவருக்கு இலவசமாகக் கொடுக்கிறதாம், அனுப்பும் செலவு மட்டும் போதுமாம். நல்ல மனம் படைத்தவர் அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டார்.

அந்தப் பக்கத்து ஆசாமி எந்த ஊரோ, எந்த மொழியோ, போனிலேயே மொழிபெயர்த்து அனுப்பியிருக்க வேண்டும். ‘பிரியமான ஐயா, குட்டிப் பெண் ஆரோக்கியமாக சுவாசித்துக்கொண்டு இருக்கிறது. அவள் உங்கள் மடியை எதிர்நோக்குகிறாள்’ என்று தமிழ் வந்தது. அண்ணன் சொக்கிப்போய்விட்டார்.

“எம்புட்டு மரியாத பாத்தியா. இந்தத் தெருவுல ஒருத்தனாச்சும் என்னையப் பிரியமான ஐயான்னு கூப்பிட்டுருக்கீங்களா?”

பிறகு கட்டணங்கள் வந்தன. விமானத்தில் ஏற்ற ஏசிக் கூண்டுக்கு ஒன்று, திருப்பித் தரப்படும் என்றார்கள். காப்பீட்டுக்கு ஒன்று, அதுவும் திருப்பித் தரப்படும். தடுப்பூசிச் சான்றிதழுக்கு ஒன்று. விட்டால் குட்டிக்கு ஜன்னலோர இருக்கை என்று சொல்லியும் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கூண்டுக்குள் ஒரு குட்டி முனகுகிற வீடியோ வரும், உடனே பணம் போகும்.

“அண்ணே, இது ஏமாத்து வேலை மாதிரி இருக்கு” என்றேன். இதையே விளம்பரத்தைத் தள்ளிவிடும்முன் யோசித்திருக்கலாம்.

“அவன் பொய் சொல்லட்டும் மாப்ள. குட்டி பொய் சொல்லுமா? எப்பிடி அழுகுது பாரு.”

சொல்லிவிட்டு அவர் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

வைத்த பேனர்களிலேயே பெரிய பேனர் அதுதான். தெருமுனையில், மெயின் ரோட்டைப் பார்த்து நின்றது. நடுவில் குட்டியின் முகம், அதற்குள் அல்லி என்று பெயரும் வைத்துவிட்டார். முதன்முதலாக வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு மாலை போட வேண்டாமா என்று அண்ணன் கேட்டதால், கடைக்காரர் படத்தைச் சுற்றி ரோஜா மாலை போட்டுவிட்டார். ‘எங்கள் தெருவின் இளவரசி செல்வி அல்லி அவர்களே, வருக வருக’. கீழே வட்ட வட்டமாகத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். என் படத்தை ஏதோ துக்க வீட்டில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டியிருந்தார்கள் போல, நான் உலக சோகத்தையெல்லாம் முகத்தில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. வீடு வீடாகப் போய்க் குங்குமச் சிமிழை நீட்டிக் கூப்பிட்டார். தெருவிலிருக்கும் அர்ச்சகர் குடும்பமும் வருவதால் சைவச் சாப்பாடு, அல்லிக்கு மட்டும் தனியாக ஒரு கிலோ கோழி.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் குட்டி மதுரை விமான நிலையத்தில் இறங்கும் என்று செய்தி. பால் காய்ச்சி ஃபீடிங் பாட்டிலில் எடுத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். சலவை செய்த வேட்டி, பவுடர் வேறு. வாசலில் நின்ற காவலாளி பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொழந்த எங்கண்ணே?”

“உள்ள இருக்கு. இப்பத்தான் எறங்கியிருக்கும். நாய்க்குட்டி.”

காவலாளியின் முகம் மாறியது. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். “அண்ணே, அப்பிடி எதுவும் வராதுண்ணே. போன மாசம் ஒரு அம்மா பூனைக்குட்டிய வாங்கணும்னு மீன் கொழம்போட வந்தாக. அதுக்கு முன்னாடி ஒரு காலேஜ் பையன் கிளிக்கு வந்தான். படத்தக் காமிச்சுப் பணம் புடுங்குறானுக. போயிட்டு வாங்கண்ணே.”

அண்ணன் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தார். அந்த ஆசாமிக்கு நான் போன் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை. சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தோம், எழுதிக்கொண்டார்கள், பணம் இன்றுவரை வரவில்லை. அதெல்லாம் பிறகு. அந்த இடத்தில் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

“நாந்தாண்ணே அனுப்பித் தொலைச்சேன்.”

“நீ படத்தத்தான அனுப்புன. பாசத்த நானா வச்சுக்கிட்டேன்.” கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருந்தாலும் அந்தப் படத்துல இருக்கிறது நெச நாய்தான மாப்ள. எங்க இருக்கோ, யாரு வச்சிருக்காகளோ. அது நல்லாருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

மறுநாள் காலை சமையல்காரர் அண்டாவை இறக்கிவிட்டார். காய்கறி வெட்டியாகிவிட்டது. அல்லிக்கு வாங்கிய கோழியை வீணாக்க மனமில்லாமல் அண்ணனே வேகவைத்திருந்தார். அண்ணன் ஏணியோடு தெருமுனைக்கு நடந்தார். “சாப்பாட்டப் போட்ருவோம். வெசேசம்னு சொல்ல வேணாம். சும்மா கூப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன். பேனர மட்டும் கழட்டிருவோம்.” நான் ஏணியைப் பிடித்தேன். அடுத்தவர் பேனரை ஏற்றியே பழகிய கைகள் சொந்தப் பேனரை அவிழ்க்க முடியாமல் ஒரு முடிச்சிலேயே நின்றன.

அப்போது லோடு ஆட்டோ ஒன்று வந்து ஏணியை இடிக்காத குறையாக நின்றது. முன்னால் டிரைவர், பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தது, உள்ளே ஏழெட்டுச் சொந்தபந்தங்கள். டிரைவர் இறங்கும்போதே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

“எவன்யா இந்தப் பேனரு வச்சது?”

ஏணி மேலிருந்து அண்ணன், “நாந்தான்” என்றார்.

“எம்புள்ள உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனரா வைக்கிறீக?”

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டிரைவர் பொரிந்து தள்ளியதிலிருந்து விஷயம் மெல்லத் தெரிந்தது. அவருக்கு ஊர் டி. கல்லுப்பட்டி. சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றி வந்தபோது பேனரைப் பார்த்திருக்கிறார். மாலை போட்ட படம், கீழே கும்பிட்டு நிற்கும் கூட்டம், அதிலும் நடுவில் துக்கம் தாங்காமல் ஒரு ஆள். அந்த ஆள் நான்தான். மெயின் ரோட்டில் லோடோடு நிறுத்தி எழுத்தைப் படிக்க முடியுமா? ஊர் போய்ச் சொல்லிக் குடும்பத்தையே அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஒங்க புள்ளைன்னு எப்பிடிச் சொல்றீக?” என்று நான் கொஞ்சம் விறைப்பாகக் கேட்டேன்.

“நல்லாப் பாரும். பின்னாடி தொங்குறது என்ன? என் வண்டிக் கண்ணாடியில கெட்டுன எலுமிச்சம்பழமும் மொளகாயும். எம்மக ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எடுத்து இன்டர்நெட்டுல போட்ட படம்.”

பார்த்தேன். ஆள் உயர எலுமிச்சம்பழம். பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்குப் பறக்கப்போகிற குடும்பத்தின் நாய்க்குட்டி லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறது, அதை நாங்கள் இருபதுக்குப் பத்தில் அச்சடித்து நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டதாரிகள் நிறைந்த தெரு என்று பெயர்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். சண்டை, மானம், ஏமாந்த பணம், எதுவும் அவர் முகத்தில் இல்லை. “அப்ப அது நல்லாருக்கா? சாப்பிடுதா?” என்று கேட்டார்.

டிரைவர் திகைத்துப்போய்ப் பின்பக்கம் பார்த்து, “டேய் தொரை” என்று குரல் கொடுத்தார். தார்ப்பாய் விலகியது. கன்றுக்குட்டி சைஸில் ஒரு லேப்ரடார், சொந்தபந்தங்களை மிதித்துக்கொண்டு குதித்தது. நேரே அண்ணனிடம் போய் இரண்டு காலையும் தூக்கித் தோளில் வைத்து முகத்தை நக்கியது. நாய் மனிதர்களைக் கண்டுபிடித்துவிடும் என்று இதை நான் உயர்வாக எழுதலாம். ஆனால் அவர் சட்டையில் கோழி வாசம் அடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் அழுதார்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். விமான நிலையத்துக்குப் பால் கொண்டுபோனதைச் சொன்னபோது டிரைவரின் மடித்த வேட்டி இறங்கிவிட்டது. அவர் மனைவி பேனரை முதல்முறையாக நிதானமாகப் படித்தார்.

“செல்வியா? இவன் ஆம்பளப் புள்ளண்ணே.”

“அதுக்கென்னம்மா, அடுத்த பேனருல திருத்திருவோம்” என்றார் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“அடுத்தது கெடக்கட்டும். எம்புள்ளைக்கு இம்புட்டுப் பேரு கும்பிட்டு நிக்கிறீக, வாசல்ல ஆரத்தி கெடையாதா?”

சத்தம் கேட்டுக் கூடியிருந்த கூட்டத்திலிருந்து டீச்சர் ஓடிப்போய் அண்ணன் வாசலுக்கு ஆரத்தித் தட்டோடு வந்தார். துரை வலது காலை எடுத்து வைத்ததா இடது காலை எடுத்து வைத்ததா என்று தெரியவில்லை, நான்கையும் ஒன்றாக வைத்து உள்ளே பாய்ந்து கோழியை முடித்துவிட்டு, மதியப் பந்தியில் அர்ச்சகர் இலையில் இருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டது. அவர், “போகட்டும், விசேஷ நாயகன்தானே” என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார். லோடு ஆட்டோ சொந்தபந்தங்களில் இரண்டு பேர் பரிமாற இறங்கிவிட்டார்கள். ஒரு பெரியவர், சாம்பாரில் உப்பு குறைவு என்று குறை சொன்னார். குறை சொல்ல ஒரு பெரியவரும் வந்துவிட்டார் என்றால் அது முழு விசேஷம்தானே.

சாயங்காலம் அவர்கள் கல்லுப்பட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு லோடு இறக்க மதுரைக்கு வரும் நாளெல்லாம் டிரைவர், துரையை அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். அனுப்பும் செலவு எதுவும் வாங்குவதில்லை.

நான் சொல்ல வந்தது அன்றைய விருந்தின் முடிவைப் பற்றி. அண்ணன் காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலில் நின்று வருகிறவர்களை “வாங்க, வாங்க” என்றார், போகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்து “போயிட்டு வாங்க” என்றார். சாப்பிடவும் இல்லை. எல்லோரும் போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“கால் வலி உசுரு போகுது மாப்ள. வெசேச வீட்டுக்காரனுக்கு இம்புட்டுக் கஷ்டமாடா?”

இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் வலியைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதன் பிறகு எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும், வாசலில் நின்று வரவேற்கப் பேனர் அண்ணனைத்தான் நிறுத்துகிறோம். கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று மத்தியானம்வரை சொல்லிக்கொண்டே நிற்பார். அவரை உட்காருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வருவதில்லை.